அடிநூல்

தவணையில் ஏசி வாங்கிய பிறகுதான்
நெல்லித்தோப்பில் குளிர் என்று ஒன்று
இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.
பதினெட்டில் வை என்கிறார் அவர்,
இருபத்தாறு என்கிறேன் நான்.
சண்டையை மூட
ஒரு போர்வை தேவைப்பட்டது.

கடையில் விலை கேட்டேன்.
வீட்டுக்கு வந்து துணிமூட்டையை அவிழ்த்தேன்.

பதினாறு வருஷம் ரவிக்கை தைத்த வெட்டுத்துண்டுகள்.
எது யாருடையதென்று இருட்டிலும் சொல்வேன்.
இந்த மாம்பழ மஞ்சள் போஸ்ட்மாஸ்டர் மனைவி,
அளவு சரியில்லை என்று மூன்று தடவை திருப்பியவள்.
இந்தக் கத்தரிப்பூ நிறம்
மகளின் புதுநன்மைக்குத் தைத்துக்கொண்ட ஒருத்தி,
கூலி இன்னும் பாக்கி.
அந்தக் கருநீலம் மட்டும்
எப்படி இதில் வந்ததென்று நினைவில்லை.
ஐந்தங்குலச் சதுரம், இருநூற்று எண்பத்தெட்டு.

மேல்பக்கம் எளிது,
மடியில் வைத்தே தைத்துவிடலாம்.
கஷ்டம் அப்புறம்தான்.
மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு,
அடியில் அவருடைய பழைய வேட்டி இரண்டு,
மூன்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.
சுருட்டினால் தூங்குகிற ஓர் ஆள் பருமன்.
மிஷின் கழுத்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறது.
நுழைந்தாலும் மேஜைக்குப் பின்னால் சரிந்து
தன் எடையாலேயே இழுக்கிறது.
ஊசி வளைகிறது. தையல்
நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறது.
குத்தி வைத்த பின்களில் நாலைந்து
கடல்காற்றில் துருவேறி
வேட்டியில் மிளகளவு பழுப்பு வைத்துவிட்டன.

தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அவர் வருவார், கைபேசியோடு,
ஒரு கையால் பிடிப்பார்.
மிச்சம் ஒரே ஆள்:
சுவருக்கு அந்தப் பக்கம் பெர்னதெத்,
என் ஓரகத்தி.
பேச்சு நின்று பத்தொன்பது நாள்.
ஏசிக் குழாய்த் தண்ணீர் சொட்டிச் சொட்டி
அவள் காயவைத்த நெத்திலி ஒரு தட்டு ஊறிப்போனது.
அவள் ஒன்று சொன்னாள்.
நான் அவள் அம்மாவைச் சொன்னேன்.
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிறு பூசை முடிந்து
அவள் செருப்பைக் கழற்றும் சத்தம்.
வாசலில் நின்று, அவளிடம் அல்ல,
பொதுவாகச் சொன்னேன்:
"பின்னாடி பிடிக்க ஆள் இருந்தா
இன்னிக்கே முடிஞ்சிரும்."

பூசைச் சேலையோடே வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்தாள்.

"இழுக்கக் கூடாது" என்றேன்.
பதில் இல்லை.
"தள்ளவும் கூடாது. எடையை மட்டும் வாங்கிக்கணும்."
அதற்கும் இல்லை,
ஆனால் கை புரிந்துகொண்டது.

மோட்டார் உறுமியது.
போஸ்ட்மாஸ்டர் மனைவியைக் கடந்து,
கூலி பாக்கியைக் கடந்து
குறுக்காகப் போனோம்.
சுருள் என் பக்கம் மெலிய மெலிய
அவள் பக்கம் பருத்தது.
இடையில் கரண்ட் போனது.
இருவருமே கையை எடுக்கவில்லை,
எதிர்வீட்டு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தோம்.
ஐந்தாவதில் வந்தது.

எட்டாவது வரிசை முடிகையில்தான்
அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து
"பிலோ" என்றாள்.
பத்தொன்பது நாளில் முதல் சொல், என் பெயர்.
"நூல் எங்க?"

பாபின் காலி. எப்போது தீர்ந்ததோ.
ஊசி தன்பாட்டுக்கு
ஓட்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.
மேல்நூலைச் சுண்டினால்
முழு நீளமும் அப்படியே உருவி வருகிறது.
இரண்டு வரிசை, இவ்வளவு கவனமாக,
ஒன்றுமில்லாததைத் தைத்திருக்கிறோம்.

அவள்தான் முதலில் சிரித்தாள்.
நான் பாபின் சுற்றினேன்,
சுற்றிக்கொண்டே சிரித்தேன்.

"அன்னிக்கு உங்க அம்மாவை..." என்று ஆரம்பித்தேன்.
"முதல்ல தையி" என்றாள்.

மறுபடி அதே ஓட்டைகளின் மேல், மெதுவாக.
பாதி தூரத்தில் அவள் கட்டைவிரல்
கருநீலச் சதுரத்தில் நின்றது.
குனிந்து பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"இது எங்க ஜெரோம் டவுசர் இல்ல?
நீ எப்ப எடுத்தே?"

சத்தத்தில் கேட்காத மாதிரி
பெடலை அழுத்தினேன்.